குடும்ப டிக்கெட்டில் நாலாவது ஆள்

பொருட்காட்சிக்கு எந்த டிக்கெட் எடுத்தால் லாபம் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆவடியில், பட்டாளத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் எப்போது உள்ளே வந்தார், யார் எவ்வளவு ஓவர்டைம் பார்த்தார் என்று நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கிறவளுக்கு இந்த டிக்கெட் கணக்கு ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வேறு எதற்கும் யாரும் என் கதவைத் தட்டியதில்லை.

பொருட்காட்சி நகரத்தில் நடக்கும். தை பிறந்ததும் தொடங்கி வெயில் ஏறும்வரை இருக்கும். ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி நடந்தால், தூரத்திலேயே ராட்டினத்தின் விளக்குகள் தெரிய ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வருஷத்தில் ஒரே உல்லாசப் பயணம் அதுதான். ஊட்டியும் கொடைக்கானலும் காலண்டரில் பார்ப்பதோடு சரி.

டிக்கெட்டில் மூன்று வகை உண்டு. தனி டிக்கெட் எடுத்தால் உள்ளே நுழையலாம், அவ்வளவுதான். ராட்டினம், குட்டி ரயில் என்று எதில் ஏறினாலும் மறுபடி பர்ஸைத் திறக்க வேண்டும். சீசன் டிக்கெட் எடுத்தால் எல்லா நாளும் போகலாம். நடந்து வருகிற தூரத்தில் வீடு இருக்கிறவனுக்கு அது சரி, ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவனுக்கு அது வெறும் ஜம்பம். மூன்றாவது, குடும்ப டிக்கெட். நாலு பேர் நுழையலாம், நாலு பேருக்கும் ஒவ்வொரு ராட்டினச் சீட்டு சேர்த்தே கிழித்துக் கொடுப்பார்கள். லாபம் என்றால் அதுதான் லாபம். ஆனால் நாலு பேரும் ஒன்றாக, குடும்ப வாசல் என்று தனியாக வைத்திருந்த வழியில் போக வேண்டும். ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்த எனக்கு இந்த மூன்றில் எதுவும் உதவாது. தனி ஆளுக்கு லாபமான டிக்கெட் என்று ஒன்றை எவரும் அச்சடிக்கவில்லை.

நான் தனி ஆள் ஆனதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு. அப்பா போன பிறகு இந்த வேலை கிடைத்து அம்மாவோடு ஆவடிக்கு வந்தேன். தம்பிகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். என் கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. பெரிய தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது பார்த்துக்கொள்ள என்று மதுரைக்குப் போன அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் நானும் ஒரு மர்பி ரேடியோவும் மிஞ்சினோம். அதுவும் மழை பெய்தால் பேசாது.

பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. புருஷனுக்கு எங்கள் தொழிற்சாலையிலேயே மெஷின் ஷாப்பில் வேலை. மனைவி அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா, அம்மா காலத்தில் அங்கே வயலில் கூலி வேலை. இப்போது அண்ணன் தம்பிகள் எல்லாம் அம்பத்தூரில் ஆளுக்கொரு கம்பெனியில் இருந்தார்கள். இவர்களுக்கு ஒரு பையன், ஒரு சின்னப் பெண். தாய்க்காரிக்கு என்னைவிடச் சில வயது குறைவுதான். ஆனாலும் குடி வந்த மறுநாளே வாசலில் நின்று, "இன்னாக்கா, நீ ஒண்டியாவா கீறே?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒண்டியாக இருப்பதைச் சொன்னதற்கு அல்ல, அந்த 'நீ'க்கு. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பெரியவளை நீ என்று கூப்பிட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அன்று நான் கதவைச் சாத்தினேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாயங்காலம் வறுத்த நெத்திலிக் கிண்ணத்தோடு வந்து, "துன்னு பாருக்கா" என்றாள். அந்தப் பக்கத்துப் பேச்சில் அக்காவும் நீயும் ஒன்றாகத்தான் வரும், அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகு இன்னொன்றும் புரிந்தது. ஆபீஸில் நான் மேடம். தெருவில் டைம் ஆபீஸ் அம்மா. தம்பிகளின் கடிதத்தில்கூட நீங்கள்தான். என்னை நீ என்று கூப்பிட அம்மாவுக்கு அடுத்து இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் இருந்தாள்.

அந்த வருஷப் பொருட்காட்சிக்கு அவளும் டிக்கெட் கணக்குக் கேட்க வந்தாள். நான் வழக்கம்போல மூன்று வகையையும் விளக்கி, நாலு பேர் இருப்பதால் குடும்ப டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அவள் தன் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "நாலு பேரு எங்க கீறோம்? சின்னதுக்குத்தான் டிக்கெட்டே வாணாமே" என்றாள்.

அவள் சொன்னது சரி. குடும்ப வாசலில் ஒரு மூங்கில் கழி நட்டு, அதில் சிவப்புப் பெயின்டால் ஒரு பட்டை அடித்திருப்பார்கள். பட்டைக்குக் கீழே நிற்கிற குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு ராட்டினமும் கிடையாது. நான்கூட அதை மறந்திருந்தேன். அப்படியானால் தனி டிக்கெட்டாகவே எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், "நாலாவது ஆளா நீ வந்துடு. கணக்கு சரியாப் பூடும்" என்றாள்.

அப்படித்தான் நான் அந்தக் குடும்ப டிக்கெட்டில் சேர்ந்தேன். வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த அம்மா யார் என்று கேட்டான். என் பேச்சும் புடவைக் கட்டும் அவர்களோடு ஒட்டாது என்பது எனக்கே தெரியும். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க ஊட்டு ஆளுதான், கியிப்பா" என்றாள். அவன் கிழித்தான்.

எங்க ஊட்டு ஆளு. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன். சிரிக்க வேண்டாம், ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே போனதும் நேரே ராட்டினம்தான். பெரிய பெட்டி ராட்டினம். ஒரு பெட்டியில் இரண்டு பேர். அவரும் பையனும் ஒன்றில் ஏறிக்கொள்வார்கள். எனக்கு ஜோடி இல்லாததால், ராட்டினக்காரன் கூட்டத்தில் தேடி யாராவது ஒரு பெண்ணை என் பக்கத்தில் உட்கார்த்தி வைப்பான். ஒரு ஆளோடு பெட்டியைச் சுற்ற விடமாட்டான், பாதி இடம் வீண் என்பான். அவள் மட்டும் ஏறமாட்டாள். சின்னதை விட்டுவிட்டு எப்படி ஏறுவது, அதோடு தனக்குத் தலை சுற்றும் என்பாள். அவள் பங்குச் சீட்டில் பையன் இரண்டாம் தடவை சுற்றுவான். சீட்டு வீணாகவில்லை என்று நானும் திருப்திப்படுவேன். மேலேயிருந்து பார்த்தால் அவள் இடுப்பில் குழந்தையும் கையில் எல்லோருடைய பைகளுமாக, மோவாயை நிமிர்த்திக்கொண்டு நிற்பது தெரியும். புருஷனையும் பிள்ளையையும் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் டெல்லி அப்பளம். முகத்தை மறைக்கிற அளவுக்கு ஒன்று, மேலே மிளகாய்ப் பொடி தூவி. ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்று ஒடித்துத் தின்போம். பெரிய துண்டை யார் எடுப்பது என்று பையனுக்கும் எனக்கும் சண்டை வரும். கடைசி ரயிலைப் பிடித்து ஆவடியில் இறங்கும்போது சின்னது என் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் அதை அவளிடம் கொடுத்துவிட்டு என் பூட்டைத் திறப்பேன். அந்தப் பூட்டைத் திறக்கிற நிமிஷம் மட்டும் எனக்குப் பிடிக்காது. உள்ளே இருட்டாக, காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

இப்படியே சில வருஷம் போயிற்று. பிள்ளைகள் என்னை அத்தை என்றார்கள். ஆனால் சின்னது வளர்ந்துகொண்டிருந்தது. ஊரில் எல்லாத் தாய்மாரும் பிள்ளை வளர என்னென்னவோ கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, ஒரு குழந்தை கொஞ்சம் மெதுவாக வளர்ந்தால் தேவலை என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது என் சமையலறைக்கு வந்து மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதலில் நெற்றி தெரிந்தது. பிறகு மூக்கு தெரிந்தது. ஒரு நாள் மேடைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அத்தே, சக்கரை குடு என்றது. சர்க்கரையைக் கொடுத்துவிட்டு, அந்த மூங்கில் பட்டை எவ்வளவு உயரம் இருக்கும் என்று மனதுக்குள் நிற்கவைத்துப் பார்த்தேன்.

சின்னதுக்கு டிக்கெட் வேண்டும் என்று ஆகிவிட்டால் அவர்களே நாலு பேர். குடும்ப டிக்கெட் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். நான் அவர்கள் வீட்டு ஆளா, அல்லது கணக்கு சரியாவதற்கு வந்த ஆளா என்று அப்போது தெரிந்துவிடும். அதுவரை தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வருஷம் வந்தது. வழக்கம்போலத் தை மாதம் ஒரு சாயங்காலம் அவளும் அவரும் வந்தார்கள். இந்தத் தடவை எந்த டிக்கெட் என்று அவர்தான் கேட்டார். பதில் எனக்குத் தயாராக இருந்தது. நீங்கள் நாலு பேர் ஆகிவிட்டீர்கள், குடும்ப டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆபீஸில் வேலை இருக்கிறது என்றேன். குரல் பிசிறில்லாமல் வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவர் தலையாட்டினார். நல்ல மனிதர்தான், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்.

அவள்தான் விடவில்லை. "ஆபீஸ் எங்க ஓடிப் பூடுது? நீ வராம நாங்க போறதா? ஒரு தனி டிக்கெட் சேத்து எடுத்தா முடிஞ்சிது" என்றாள். அவர் மறுபடியும் தலையாட்டினார். அன்று ராத்திரி நான் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் சின்னதை மூங்கிலோடு சேர்த்து நிற்கவைத்தார்கள். அது தன்னால் தலையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டிக்கெட் கிழிக்கிறவன் சிரித்துக்கொண்டே அதன் மோவாயைத் தூக்கி நிமிர்த்தி, தலைமயிரை அமுக்கிப் பார்த்தான். பட்டை காதுக்கு நேராக நின்றது.

அவர் கவுண்ட்டருக்குப் போய் ஒரு குடும்ப டிக்கெட்டும் ஒரு தனி டிக்கெட்டுமாக வந்தார். தனி டிக்கெட்டுக்கு வாசல் வேறு, அந்தக் கோடிக்குப் போய்ப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் எதைக் கொடுப்பது என்று தயங்கினார். அதில் தயங்க என்ன இருக்கிறது? நான் தனி டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன்.

என் கைக்கு முன்னால் அவள் கை போயிற்று. "இது எனுக்கு" என்றாள். கையிலிருந்த பைகளை என்னிடம் திணித்தாள். "நீ இவங்களோட போக்கா. நான் அந்தாண்ட வயியா வந்துகினு இருக்கேன்." அவர் ஏதோ சொல்வதற்குள் கூட்டத்தில் புகுந்துவிட்டாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

குடும்ப வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் அந்த வருஷம் என்னை யார் என்று கேட்கவில்லை. ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். கேட்க என்ன இருக்கிறது? "பாப்பா கைய வுட்டுடாதம்மா, உள்ள கும்பலு ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னான். நான் சின்னதின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் காது சிவந்து, நாலடி முன்னால் நடந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்மேல் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது, அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் ஒரு குடும்பம் போகிறது என்று விலகி வழிவிட்டார்கள். அதில் ஒரு ஆளாக நடந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

உள்ளே செயற்கை நீரூற்று ஒன்று உண்டு. வழக்கமாக அங்கேதான் எல்லோரும் கூடுவோம். அவள் அங்கே வந்துவிடுவாள் என்று காத்திருந்தோம். பெண்கள் வரிசை நீளம் என்று முதலில் சொல்லிக்கொண்டோம். வரிசை ஓய்ந்த பிறகும் அவள் வரவில்லை. பையன் ராட்டினம் ராட்டினம் என்று என் புடவையை இழுத்தான். அவர் போய் வாசல்வரை தேடிவிட்டுத் திரும்பினார், மறுபடி போனார். சின்னது அழ ஆரம்பித்தது. தூக்கிக்கொள்ளக் குனிந்தேன். கையைத் தட்டிவிட்டு, "நீ வாணாம். எங்கம்மா வோணும்" என்றது. என் சமையலறை மேடையில் முழங்கை ஊன்றிச் சர்க்கரை கேட்ட பிள்ளை அது.

ஒலிபெருக்கியில் சொல்கிற கூடாரத்துக்குப் போனோம். மனைவியைக் காணவில்லை என்று அவர் சொன்னார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் விளையாடறியா? உங்க ஊட்டம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க" என்றார். அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். நான் இல்லை, நான் பக்கத்து வீடு என்று நான்தான் சொன்னேன். அந்த மைக் திறந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீடு என்று நானே என் வாயால் ஊரறியச் சொன்ன மாதிரி எனக்கு ஒரு கூச்சம்.

திரும்பி நீரூற்றுக்கு வந்தபோது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, நெற்றிப்பொட்டு ஒரு பக்கம் இழுபட்டு, முகமெல்லாம் பளபளவென்று இருந்தது. கையில் ஒன்றுமில்லை. பைகள் எல்லாம் என் கையில் இருந்தன. சின்னது ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவர் கத்தினார். ராட்டினத்தில் சுற்றினேன் என்றாள். உனக்குத் தலை சுற்றுமே, யாரோடு போனாய் என்றார். அவள் கொஞ்சமும் தயங்காமல், "யாரோடயும் இல்ல. ரெண்டு ஆள் காசும் நானே குட்த்துட்டேன், ஒண்டியாவே சுத்தினேன்" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. மீன் வாங்கினால் கூட ஒன்று போடச் சொல்லிக் கூடைக்காரியை மல்லுக்கு இழுக்கிறவள் அவள். அந்தப் பொருட்காட்சியில் யாராவது வாங்கக்கூடியதிலேயே படு நஷ்டமான டிக்கெட்டை அவள் வாங்கியிருந்தாள். நாங்கள் அதன் பிறகு வேறு எதிலும் ஏறவில்லை. குடும்ப டிக்கெட்டோடு வந்த நாலு ராட்டினச் சீட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தன. பையன் ரயிலடி வரை அழுதுகொண்டே வந்தான். டெல்லி அப்பளமும் இல்லை.

ரயிலில் அவர் பிள்ளைகளோடு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் என் பக்கத்தில், ஜன்னலோரம். வில்லிவாக்கம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே மெல்லச் சொன்னாள். "மேல போயி ஒரு நிமிட்டு நின்னுச்சிக்கா. சமுத்திரம் தெரிஞ்சிது. கப்பலு லைட்டு தெரிஞ்சிது. அம்மா, தண்ணி குடு, ஏ, சட்டை எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எத்தினி வருசமா கீயவே நின்னு அதையே பாத்துகினு இருந்தேன் தெரியுமா." அவளுக்குத் தலை சுற்றலே கிடையாதாம். சின்னதை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதற்காகச் சொன்னதாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் பொறாமை இருந்தது, நிஜமான பொறாமை. "உனக்கின்னாக்கா," என்றாள், "உனக்கு டெய்லியும் அப்டித்தானே."

எனக்குக் கோபம் வந்தது. என் டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும் என்று அவளிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. மழை பெய்தால் ரேடியோகூடப் பேசாது என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் கேலி செய்யவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்து என்னைப் பார்த்து, அவள் கண்டுபிடித்தது அதுதான். நானும் அவளைப் பார்த்து அதே அழகில்தான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். ஆவடி வந்தது.

அடுத்த வருஷம் தை பிறந்ததும் அவர் தனியாக டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். வீட்டுக்கு வரவில்லை. "நாலு பேருக்குக் குடும்ப டிக்கெட்டுதான் லாபம், இல்லிங்களா மேடம்?" என்றார். தனி டிக்கெட் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்குப் புரிந்தது. தனி டிக்கெட் என்று ஒன்று இருந்தால் அதற்கு எந்தக் கை முதலில் நீளும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். ஆமாம், அதுதான் லாபம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் கிளம்புகிற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். பிள்ளைகள் புதுச்சட்டையில் முன்னால் ஓடினார்கள். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பைகளோடு நின்றாள். என்னைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, "நீங்களும் ஒரு நாளு போய்ட்டு வாங்கக்கா" என்றாள்.

நீங்களும். நான் சரி என்றேன். நாலு பேராக அவர்கள் ரயிலடிப் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்தேன். முதன்முதலாக அவள் வாயிலிருந்து வந்த அந்த மரியாதை என்னைக் கதவைச் சாத்திக்கொண்டு அழ வைத்தது.

பொருட்காட்சி முடிகிற வாரத்தில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தனி டிக்கெட் எடுத்து, பெண்கள் வரிசையில் நின்று, நேரே ராட்டினத்துக்குப் போனேன். ராட்டினக்காரன் பழையபடி, இன்னொரு ஆள் வரட்டும், நில்லுங்கள் என்றான். வேண்டாம், இரண்டு பேர் காசையும் நானே கொடுக்கிறேன் என்றேன். வேலை நாள், கூட்டமில்லை. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கம்பியை மாட்டினான்.

பெட்டி மேலே போய் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. சமுத்திரம் தெரிந்தது, கப்பல் விளக்குகளும் தெரிந்தன. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். கண் தானாகக் கீழே போயிற்று. ராட்டினத்தடியில் யாரோ ஒரு பெண், கையில் பைகளும் இடுப்பில் குழந்தையுமாக, மோவாயை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவள் அடுத்த பெட்டியிலிருந்த தன் ஆட்களைப் பார்த்தாளோ, என் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாளோ, அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை. வா, நீ வந்து உட்கார் என்று அவளைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுத்திருந்தேன்.